பேப்பரை எடுத்துட்டா கை நின்னுடுது: ஏற்காட்டு வயலின் தம்பிக்கு ஒரு பதில்

ஏற்காட்டுல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். வயசு 29. ஏழு வயசுல போர்டிங் ஸ்கூல்ல வெஸ்டர்ன் வயலின் ஆரம்பிச்சு டிரினிட்டி மியூசிக் பரீட்சைல எட்டாவது கிரேடு வரைக்கும் முடிச்சவர், இப்போ மலையிலயே ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு பார்க்கிறார், ஞாயித்துக்கிழமை சர்ச்ல வாசிக்கிறார். லெட்டர் பெருசு, முக்கியமானதை மட்டும் எடுத்துப் போடறேன்.

"அக்கா, எதிர்ல பேப்பர் இருந்தா எதையும் வாசிச்சுடுவேன். போன கிறிஸ்மஸ் ஆராதனைல காணிக்கை எடுக்கிற நேரம் கொஞ்சம் நீண்டு போச்சு, பாஸ்டர் ஐயா என்னைப் பார்த்து ஏதாவது வாசிங்கன்னு கை காமிச்சார், வயலினைத் தோள்ல வச்சுட்டு அப்படியே நின்னேன், ஒரு நோட்டு வரல. கீபோர்டு வாசிக்கிற பையனுக்கு 19 வயசு, நோட்டேஷன் தெரியாது, அவன் அஞ்சு நிமிஷம் அழகா ஓட்டிட்டான். ஐரோப்பிய மெட்டுல வர்ற பாமாலைப் பாட்டுன்னா நான் முன்னாடி நிப்பேன், நம்ம ராகத்துல வர்ற கீர்த்தனை வந்தா வயலினை மடியில வச்சுட்டு உக்காந்துடுவேன். எனக்கு பேப்பர் இல்லாம வாசிக்கணும், சொந்தமா ஒரு மெட்டாவது போடணும். ரெண்டு பார் எழுதறேன், எங்கயோ கேட்ட பாட்டு மாதிரி இருக்கு, அழிச்சுடறேன். இந்த வயசுல ஆரம்பிக்கலாமா, கர்நாடக சங்கீதத்தை முதல்ல இருந்து கத்துக்கணுமா, இல்ல ஜாஸ் பக்கம் போகட்டுமா? என் பழைய மாஸ்டர்கிட்ட கேட்டா இதெல்லாம் பண்ணினா டெக்னிக் கெட்டுடும்ங்கிறார். எலெக்ட்ரிக் வயலின் ஒண்ணு வாங்கவும் யோசனை இருக்கு."

தம்பி, வணக்கம். லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டாவது தடவை அந்த மடியில வச்ச வயலின்கிட்டயே நின்னுட்டேன், அதுக்குக் கடைசியில வராம நடுவுலயே வர்றேன், ஏன்னா உங்களுக்கு வழி அங்கதான் இருக்குன்னு எனக்குத் தோணுது.

முதல்ல என் கதை கொஞ்சம். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைல ஒரு பெரியவர்கிட்ட ஒம்பது வயசுல இருந்து கர்நாடக வயலின் கத்துக்கிட்டவ. வெளிய இருந்து பார்க்கிறவங்க நினைக்கிறாங்க, கர்நாடக சங்கீதம் படிச்சா மனோதர்மம், அதாவது நின்ன இடத்துலயே கற்பனையா வாசிக்கிறது, தானா வந்துடும்னு. அப்படி இல்லீங்க. எங்கள்ல நிறைய பேர் கற்பனை ஸ்வரத்தையே நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ணித்தான் மேடை ஏறினோம். நானும் அப்படித்தான், கல்யாணி ராகத்துல 16 ஆவர்த்தனம், அதாவது 16 தாளச் சுத்து எழுதி உருப்போட்டு வச்சிருந்தேன், எல்லாமே சமத்துல, அதாவது தாளத்தோட முதல் எண்ணிக்கைல வந்து சேர்ற மாதிரி. 22 வயசுல தாரமங்கலம் பக்கம் ஒரு கோயில் திருவிழால பக்கவாத்தியம், பாடினவர் நான் எதிர்பார்த்த வரிய விட்டுட்டு சமத்துக்கு ஒன்றரை எண்ணிக்கை தள்ளி ஆரம்பிக்கிற வேற ஒரு வரியில ஸ்வரம் பாட ஆரம்பிச்சுட்டார். நான் வச்சிருந்தது ஒண்ணுமே அங்க போய் உக்காரல, நான் வாசிக்கிற ஒவ்வொரு ஸ்வரக் கோர்வையும் பாட்டு ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒன்றரை எண்ணிக்கை முன்னாடியே வந்து விழுந்துச்சு, மூணாவது தடவையும் தப்பினதும் வில்லை எடுத்துட்டேன். மிருதங்கம் வாசிச்சவர் என் முறையையும் சேர்த்து வாசிச்சு ஒப்பேத்தினார். அன்னிக்கு ராத்திரி பஸ்ல வரும்போது எனக்கு இருந்த மனசுதான் உங்களுக்கு கிறிஸ்மஸ் அன்னிக்கு இருந்திருக்கும்னு நினைக்கிறேன்.

அடுத்த நாள் குருகிட்ட போய் அழுதேன். அவர் திட்டல. அந்த ஸ்வர நோட்டை வாங்கி பரண்ல போட்டார், போட்டுட்டு ஒரு மாசத்துக்கு ஒரே வேலை குடுத்தார்: "என்ன வேணா வாசி, அழகா இருக்கணும்னு கூட இல்ல, இடத்துக்கு வந்து சேரு." அவ்வளவுதான். மத்ததெல்லாம் அப்புறம். தம்பி, உங்களுக்கும் நான் சொல்ல வந்தது அந்த ஒண்ணுதான். புதுசா என்ன வாசிக்கிறதுன்னு தேடித்தான் நீங்க உறைஞ்சு போறீங்க, திரும்பி வந்து சேர்ற இடம் எதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா கை தானா கிளம்பும், நடுவுல தடுக்கினாலும் பயம் இருக்காது. உங்க கீபோர்டு பையன்கிட்ட இருக்கிறது அதுதான், அவனுக்கு எந்த கார்டுல, அதாவது ஒண்ணா அழுத்துற எந்த ஸ்வரக் கூட்டத்துல வந்து நிக்கணும்னு தெரியும்.

இன்னொண்ணையும் சொல்லணும், ஏன்னா நீங்க லெட்டர் முழுக்க "எங்க வெஸ்டர்ன்ல இதெல்லாம் கிடையாது"ங்கிற மாதிரி எழுதியிருக்கீங்க. இருந்துச்சுங்க. இத்தாலி வயலின் மேதை கொரெல்லி 1700-ல போட்ட ஓபஸ் 5 சொனாட்டாக்களை எடுத்துப் பாருங்க, மெதுவா போற பகுதிகள்ல வெறும் எலும்புக்கூடு மாதிரி நீள நீளமான நோட்டுதான் இருக்கும், வாசிக்கிறவங்க அதுல சதை போடணும்ங்கிறதுதான் அன்னிக்கு வழக்கம். பத்து வருஷம் கழிச்சு ஆம்ஸ்டர்டாம்ல ஒரு பதிப்பு வந்துச்சு, கொரெல்லியே வாசிச்ச மாதிரின்னு சொல்லி அந்த அலங்காரத்தை எல்லாம் எழுதிப் போட்டாங்க. ஜெர்மன்காரர் டெலிமான் அதுக்கும் மேல, 1728-ல மெத்தாடிகல் சொனாட்டாஸ்னு ஒண்ணு போட்டார், அதுல மெதுவா போற பகுதியில வெறும் மெட்டு ஒரு வரி, அதே மெட்டை எப்படி ஜோடிச்சு வாசிக்கலாம்ங்கிறது இன்னொரு வரி, ரெண்டும் மேலயும் கீழயுமா அச்சடிச்சிருக்கும். எங்க ஊர்ல சங்கதின்னு சொல்றோமே, அதே வேலைதான். பழைய நோட்டேஷன் எல்லாம் இருக்கிற ஐ.எம்.எஸ்.எல்.பி. சைட்ல இலவசமா கிடைக்குது, இறக்கி வச்சுக்கோங்க, பேப்பர்ல இருந்து பேப்பர் இல்லாத இடத்துக்குப் போக பேப்பர்லயே போட்ட பாலம் அது.

பீத்தோவனோட வயலின் கான்செர்ட்டோ 1806. வயலின் தனியா நிக்கிற காடென்ஸா இடத்துல அவர் வயலினுக்கு ஒண்ணுமே எழுதல, வாசிக்கிறவர் பொறுப்புன்னு விட்டுட்டார். பின்னாடி யோவாகிம், கிரைஸ்லர் மாதிரி பெரிய வயலின்காரங்க அவங்கவங்களுக்கு ஒண்ணு எழுதினாங்க, அதுக்கப்புறம் வந்தவங்க அதை மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சாங்க. நான் கல்யாணி ஸ்வரத்தை உருப்போட்ட மாதிரியேதான், பாருங்க. மெனுஹின் தெரியும்ல, ஏழு வயசுல ஆர்க்கெஸ்ட்ராவோட மேடை ஏறின மகா கலைஞன், அவர் 1970-கள்ல ஜாஸ் வயலின்காரர் கிரப்பெல்லியோட சேர்ந்து ஜாஸ் ரெக்கார்டு போட்டப்போ கிரப்பெல்லி நின்ன இடத்துல கற்பனையா வாசிச்சார், மெனுஹினுக்கு அவர் பாகத்தை எழுதித்தான் குடுத்தாங்க. அப்பேர்ப்பட்டவருக்கே 50 வயசுக்கு மேல அந்தக் கதவு சுலபமா திறக்கல. ஆனா போய் அந்தக் கதவுகிட்ட நின்னார் பாருங்க, ரெக்கார்டு மேல ரெக்கார்டா வாசிச்சார், அது எனக்கு ரொம்பப் பெருசு. உங்களுக்கு 29. வயசு பத்தின கேள்விக்கு இதுக்கு மேல பதில் வேணாம்னு நினைக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

உக்கார்ற விதத்தை மாத்தாதீங்க, கம்பி சுருதியையும் மாத்தாதீங்க. நாங்க ச-ப-ச-பன்னு சேர்த்து, தரையில உக்காந்து, தலைப்பக்கத்தைக் காலு மேல வச்சு வாசிக்கிறோம், அது எங்க கமகத்துக்காக, அதாவது ஸ்வரத்தை ஆட்டி இழைக்கிறதுக்காக வந்த ஏற்பாடு, கை மேலயும் கீழயும் வழுக்கி ஓடணும்னா தோள்லயும் தாடையிலயும் பாரம் இருக்கக்கூடாது. உங்களுக்கு இப்போதைக்கு உங்க வெஸ்டர்ன் சுருதி ஜி-டி-ஏ-இ போதும். போன்ல தம்புரா ஆப் ஒண்ணு போட்டு ரெண்டு கட்டைல வைங்க, அதாவது டி. உங்க மூணாவது கம்பி சும்மாவே ச, ரெண்டாவது கம்பி சும்மாவே ப. விரல் வைக்கிறதுக்கு முன்னாடியே வீட்டுல ரெண்டு தூண் நட்டாச்சு.

முதல் வாரம் மூணே ஸ்வரம். டி, இ, எஃப் ஷார்ப். ச ரி க. கால்ல எட்டு எண்ணிக்கை தட்டுங்க, ஆதி தாளம்னு நினைச்சுக்கோங்க, எட்டுக்குள்ள அந்த மூணு ஸ்வரத்தை வச்சு என்ன வேணா பண்ணுங்க, ஆனா அடுத்த ஒண்ணுல டியில வந்து நீளமா நிக்கணும். வந்து நின்னா ஜெயிச்சீங்க. வரலன்னா மறுபடி. போரடிக்கும், தம்பி, நாலாவது நாள் உங்களுக்குக் கோவம் வரும், எட்டாவது கிரேடு வாசிச்ச கை இது. அந்தக் கோவத்தோடயே வாசிங்க. ரெண்டாவது வாரம் ஒரே ஒரு ஸ்வரம், டி மட்டும், வில்லால தாளம் மட்டும் மாத்துங்க, தகிட தகிட தக, மூணு மூணு ரெண்டு, கூட்டினா எட்டு. வெஸ்டர்ன் படிச்சவங்க கற்பனைன்னா உடனே இடது கையைத்தான் நினைக்கிறாங்க. எனக்குத் தெரிஞ்சு பாதிக் கற்பனை வில்லு கையில இருக்கு. நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது அம்மாப்பேட்டைல எங்க வீட்டுக்கு ரெண்டு பக்கமும் தறி, நாள் முழுக்க நிக்காத சத்தம், அந்தச் சத்தத்துக்கு மேல தகிட தகிட தகன்னு ஒரே ஸ்வரத்தை இழுத்து இழுத்துத்தான் எனக்கு காலப்பிரமாணம் நின்னுச்சு. மெட்ரோனோம்னா என்னன்னே அப்போ தெரியாது. உங்க மலையில தறி இல்ல, ஆனா எஸ்டேட்ல காப்பி மெஷின் ஓடுமே, ஒரு நாள் அதோட வாசிச்சுப் பாருங்களேன், நிஜமாத்தான் சொல்றேன்.

மூணாவது வாரத்துல இருந்து ஏ, பி ரெண்டு ஸ்வரத்தையும் சேர்த்துக்கோங்க. ச ரி க ப த, மோகன ராகம். அஞ்சு ஸ்வரமும் முதல் பொசிஷன்லயே கையடக்கமா வந்துடும். இங்க ஒரு எச்சரிக்கை: ஸ்கேல் கையில வந்துட்டதால ராகம் வந்துடாது, டி மேஜர் ஸ்கேலை வாசிச்சுட்டு சங்கராபரணம் வாசிச்சேன்னு சொல்லக்கூடாது, ராகம்ங்கிறது ஸ்வரங்கள் ஒண்ணுக்கொண்ணு எப்படிப் பழகுதுங்கிறது. ஆனா மோகனமும் ஹம்சத்வனியும் வெளியூர் ஆளுங்களைக் கொஞ்சம் தாராளமா உள்ள விடுற ராகங்கள், கமகம் கம்மியா இருந்தாலும் முகம் தெரியும். தோடி ராகத்துப் பக்கம் இப்போ போகாதீங்க. அது ஒரு ஸ்வரத்தை ஆட்டுறதுக்கே வருஷக் கணக்கா ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பாடிக் காமிக்கணும்.

ஒவ்வொரு நாளும் வயலினை எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் அதையே வாயால பாடுங்க. குரல் நல்லா இல்லன்னு சொல்லாதீங்க, நல்ல குரல் யாரும் கேக்கல. பாட வராதது எதையோ விரல் வாசிச்சுடுச்சுன்னா அது விரலோட பழக்கம், உங்களோடது இல்ல. உங்களுக்கு 22 வருஷமா கண்ணுல இருந்து நேரா கைக்கு ஒரு ரோடு போட்டுட்டாங்க, நல்ல ரோடுதான், நான் குறை சொல்லல, காதுல இருந்து கைக்குப் போற ஒத்தையடிப் பாதைல புல்லு முளைச்சுப் போச்சு. பாடிப் பாடி நடந்தாத்தான் அது தெரியும்.

இப்போ கீர்த்தனை. தம்பி, நீங்க பொக்கிஷத்து மேல உக்காந்துக்கிட்டு வயலினை மடியில வச்சிருக்கீங்க. ஒரே ஆராதனையில பாமாலைன்னு ஐரோப்பிய மெட்டுல ஒரு பாட்டு, அடுத்தது கீர்த்தனைன்னு நம்ம ராகத்துல ஒரு பாட்டு. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1774-ல பிறந்து கிட்டத்தட்ட 90 வயசு வாழ்ந்தவர், சரபோஜி மன்னர் காலத்து ஆள், அவரும் அவருக்கு அப்புறம் வந்தவங்களும் ராகம் தாளம் போட்டு எழுதி வச்ச பாட்டுங்க இன்னிக்கும் உங்க சபையில வாயாலயே பாடப்படுது. அந்தப் பாட்டிமார்கள்ல பாதிப் பேருக்கு புக்கு கூட வேணாம். அடுத்த ஞாயித்துக்கிழமை கீர்த்தனை ஆரம்பிச்சதும் வயலினைக் கீழ வைக்காதீங்க. முதல் சரணம் வரைக்கும் சும்மா கேளுங்க, ச எங்க இருக்குன்னு மட்டும் கண்டுபிடிங்க. ரெண்டாவது சரணத்துல ஒவ்வொரு வரியும் முடியிற ஸ்வரத்தை மட்டும் மெதுவா வில்லைப் போட்டு வாசிங்க. அடுத்த வாரம் வரியோட கடைசி மூணு ஸ்வரம். அதுக்கடுத்த வாரம் பாதி வரி. நாங்க பக்கவாத்தியம் இப்படித்தான் கத்துக்கிட்டோம், பாடறவர் ஆலாபனை பண்ணும்போது ஒரு இமைப்பொழுது பின்னாடி நிழல் மாதிரி போறது, அவர் மூச்சு விடும்போது அந்தக் கடைசிப் பிடியை எடுத்து நம்ம பங்குக்கு ரெண்டு வரி சொல்றது. அடுத்தது அவர் எங்க போவார்னு உங்களுக்குத் தெரியாது, எழுதியும் இருக்காது, ஆனா போவீங்க. உலகத்துல இதை விட நல்ல காது பயிற்சி எனக்குத் தெரியாது, அது உங்களுக்கு வாராவாரம் இலவசமா நடக்குது.

பாமாலைக்கு வேற வேலை. நல்லா தெரிஞ்ச ஒரு பாமாலை மெட்டை எடுத்து முதல் வரியோட ஆரம்ப நோட்டையும் முடிவு நோட்டையும் ஆணி அடிச்சு வச்சுட்டு நடுவுல மட்டும் மாத்துங்க. முதல் தடவை ஒரே ஒரு நோட்டு கூட. அடுத்த தடவை அதோட இன்னொண்ணு. டெலிமானோட ரெண்டாவது வரி, நம்ம சங்கதி, ரெண்டும் இதுதான். சங்கதியோட அழகே அது ஒண்ணு மேல ஒண்ணா வளர்றதுதான், முதல் தடவையே எல்லாத்தையும் கொட்டிடாதீங்க.

அந்தக் கீபோர்டு பையன் விஷயம். லெட்டர்ல அவனைப் பத்தி எழுதின இடத்துல ஒரு வலி தெரிஞ்சுது, தப்பில்ல, எனக்கும் வந்திருக்கும். ஆராதனை முடிஞ்சு எல்லாரும் கிளம்பினதும் பத்து நிமிஷம் அவனை நிக்கச் சொல்லுங்க. ரெண்டே கார்டு வாசிக்கச் சொல்லுங்க, டி மேஜர், பி மைனர், நாலு எண்ணிக்கை அது, நாலு எண்ணிக்கை இது. மோகனத்தோட அஞ்சு ஸ்வரத்துக்குள்ள முழுசா அடங்குற மேஜர், மைனர் கார்டு அந்த ரெண்டுதான், ஜி மேஜர் போட்டா ம வந்துடும், ஏ மேஜர் போட்டா நி வந்துடும். அதனால அவன் அந்த ரெண்டுல இருக்கிற வரைக்கும் நீங்க அஞ்சு ஸ்வரத்துல எங்க சுத்தினாலும் இடிக்காது. பதிலுக்கு அவனுக்கு நோட்டேஷன் சொல்லிக் குடுங்க. எனக்கு உங்க ரெண்டு பேரையும் நினைச்சா ரொம்ப சந்தோஷமா இருக்கு, உண்மையா, ஒருத்தர்கிட்ட இல்லாதது இன்னொருத்தர்கிட்ட அப்படியே இருக்கு, ஒரே கூரைக்கு கீழ.

உங்க மாஸ்டர் சொன்னதை நான் தள்ளிப் போட மாட்டேன். பாதி சரி. சொந்தமா வாசிக்க ஆரம்பிச்சவங்க வில்லோட நடுப்பாகத்துலயே சௌகரியமா நாலு நோட்டைச் சுத்திச் சுத்தி வாசிச்சுட்டு வில்லு முனையும் அடியும் மறந்து போறதை நான் என் ஸ்டூடண்ட்ஸ்கிட்டயே பார்த்திருக்கேன். அதனால ஸ்கேல், எட்யூட்ங்கிற பயிற்சிப் பாடம், நீங்க வழக்கமா பண்றது எதையும் நிறுத்தாதீங்க, அதுக்கப்புறம் 20 நிமிஷம் இது. ஆனா சுருதி கெட்டுடும்னு அவர் பயந்தா அது மட்டும் நடக்காது, தம்புராவோட வாசிச்சா சுருதி இன்னும் இறுகும். பியானோவோட எஃப் ஷார்ப் டிக்கு மேல 400 சென்ட்டு (பக்கத்துப் பக்கத்து ரெண்டு பியானோ கட்டைக்கு நடுவுல 100 சென்ட்டு), தம்புராவோட இழைஞ்சு நிக்கிற அதே க, நாங்க அந்தர காந்தாரம்னு சொல்றது, 386 பக்கம். ஒரு மயிரிழை இறக்கி வச்சுப் பாருங்க, வயலின் உடம்பே சேர்ந்து முனகும், தாடையில தெரியும். அதை ஒரு தடவை கேட்டுட்டா அப்புறம் காது விடாது. சர்ச்ல கீபோர்டோட வாசிக்கும்போது மறுபடி ஏத்திக்கணும், அதையும் காதே பார்த்துக்கும்.

கர்நாடகமா ஜாஸான்னு கேட்டிருந்தீங்க. முழுசா கட்சி மாற வேணாம். பக்கத்துல யாராவது பாட்டு சொல்லிக் குடுத்தா, கவனிங்க, பாட்டு, வயலின் இல்ல, ஒரு வருஷம் ஆரம்பப் பாடமான சரளி வரிசை ஜண்டை வரிசைல இருந்து ரெண்டு வர்ணம் வரைக்கும் வாயால கத்துக்கோங்க. ஜாஸ்ல 12 பார் ப்ளூஸ் ஒண்ணு போதும் இப்போதைக்கு, மூணு கார்டு, 12 பார் சுத்தி மறுபடி முதலுக்கு வர்றது, அதுவும் ஒரு ஆவர்த்தனம்தான். ரெண்டுல எது உங்களைத் தூங்க விடாம பண்ணுதோ அங்க அப்புறம் ஆழமா போகலாம். 1786-ல பிறந்த பாலுசுவாமி தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி, அவர் ஐரோப்பியர்கிட்ட வயலின் கத்துக்கிட்டு அதை நம்ம சங்கீதத்துக்குள்ள கொண்டு வந்தார், அண்ணன் ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு அதுக்கு நோட்டுஸ்வர சாகித்யம் எழுதினார். அவங்க தாண்டின அதே ஆத்தைத்தான் நீங்க இன்னொரு கரைல இருந்து பார்க்கிறீங்க. அவங்க அந்தப் பக்கத்து ஆளா மாறிப் போயிடல.

இனி மெட்டு போடறது. ரெண்டு பார் எழுதி அழிக்கிறேன்னு எழுதினதைப் படிச்சு எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு. எழுதாதீங்க. பென்சிலை எடுக்காதீங்க, போன்ல ரெக்கார்டு பண்ணுங்க, பண்ணினதை அன்னிக்கு கேக்காதீங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் உக்காந்து அந்த வாரத்துது எல்லாத்தையும் ஒண்ணா கேளுங்க. ஒரே ஆள் ஒரே நேரத்துல பெத்தவளாவும் பரீட்சை பேப்பர் திருத்துறவராவும் இருக்க முடியாது, உங்க படிப்புல திருத்துறவர்தான் எப்பவும் ஜெயிச்சிருக்கார். கேட்டதுல ஒரு இடம், நாலு எண்ணிக்கை அளவுக்கு, "அட"ன்னு தோணும். அதை மட்டும் எடுத்து வைங்க. மத்ததை அழிக்க வேணாம், விட்டுடுங்க.

வேற பாட்டு மாதிரி இருக்குன்னு பயம். அஞ்சு ஸ்வரத்துல போட்டா இன்னொரு அஞ்சு ஸ்வரப் பாட்டோட ஜாடை இருக்கத்தான் செய்யும், ஒரே குடும்பத்துப் புள்ளைங்க. ஒரு முழு வரி, ஸ்வரமும் தாளமும் ரெண்டுமே அப்படியே ஒத்துப் போச்சுன்னா மாத்துங்க, அது அடுத்தவங்க சொத்து. வெறும் வாசனைதான்னா விட்டுடுங்க. ஏற்காடு ரோட்டுல இறங்கும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி வர்றீங்கல்ல, 1935-ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்சது, அந்தக் கம்பெனியோட பல படங்களுக்கு மெட்டு போட்டவர் ஜி.ராமநாதன். எல்லாருக்கும் பொதுவா இருக்கிற ராகங்களை வச்சுத்தான் போட்டார், ஆனா கேட்டா அவர் மெட்டுன்னு தெரியும்.

முதல் மெட்டுக்கு ஒரு விதை தர்றேன். சேலம் பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் கூப்பிடறதை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பீங்க, ஏற்காடு ஏற்காடு ஏற்காடு. ஏற் நெடில், கா நெடில், டு குறில். ரெண்டு, ரெண்டு, ஒண்ணு, அஞ்சு மாத்திரை, தாளத்துல இதைக் கண்டம்பாங்க. மூணு தடவை சொன்னா 15. உங்க எட்டு எண்ணிக்கையை அரை அரையா வெட்டினா 16. அதனால ஒண்ணுல சும்மா இருந்துட்டு அரை எண்ணிக்கை தள்ளி ஆரம்பிச்சு மூணு தடவை சொன்னீங்கன்னா சரியா அடுத்த ஒண்ணுல வந்து சேருவீங்க, டியில. நானே இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு பஸ்ஸுல உக்காந்து விரல் விட்டு மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்தேன். அந்த மூணு ஏற்காட்டுக்கும் மோகனத்துல ஸ்வரம் போடுங்க. முதல்ல மூணும் ஒரே மாதிரி. அப்புறம் ஒவ்வொண்ணா ஒரு படி மேல ஏறுற மாதிரி. அப்புறம் முதல் ரெண்டு ஏறி கடைசி இறங்குற மாதிரி. மூணு வரி ஆச்சு. நாலாவது வரியில அந்தத் தாளத்தை விட்டுட்டு நீளமா ஒரு பதில், மூச்சு விடுற மாதிரி. எட்டு எண்ணிக்கையில நாலு ஆவர்த்தனம், ஒரு பல்லவி அளவு வந்துடும். அது நல்ல மெட்டா இருக்குமான்னு கேக்காதீங்க, முடிஞ்ச மெட்டா இருக்கும், உங்ககிட்ட இதுவரைக்கும் அப்படி ஒண்ணு கூட இல்லையே. பத்து போட்டப்புறம் நல்லதைப் பத்திப் பேசுவோம். பேப்பர்ல எழுதறது பத்தும் முடிஞ்சப்புறம், அப்போ உங்க நோட்டேஷன் கை உங்களுக்கு அவ்வளவு உதவும், எங்களை மாதிரி ஆளுங்க கஷ்டப்படற இடம் அது, ஸ்டிரிங் செக்ஷனுக்கு பார்ட் எழுதத் தெரியாம நான் இன்னொருத்தர்கிட்ட போய் நின்ன நாள் நிறைய.

சின்ன விஷயம் ஒண்ணு. ஏற்காட்டுல இருந்து வயலினைக் கீழ கொண்டு வரும்போது பொட்டியை உடனே திறந்து வாசிக்காதீங்க. மேல பனியில பிருடை, அதாவது கம்பியை முறுக்குற முளை, ஊதி இறுகியிருக்கும், சேலம் வெயில்ல சுருங்கி வழுக்கும், அரை மணி நேரம் நிழல்ல வச்சுட்டு அப்புறம் சுருதி சேருங்க.

எலெக்ட்ரிக் வயலின் இப்போ வேணாம். தம்புராவோட இழையும்போது மரம் அதிர்றதை உடம்பால தெரிஞ்சுக்கிற நேரம் இது, அது உங்க பழைய வயலின்லதான் கிடைக்கும். வில்லுக்கு முடி மாத்தி எவ்வளவு நாளாச்சுன்னு நீங்க எழுதல, வருஷம் தாண்டியிருந்தா அந்தக் காசுல முதல்ல அதை மாத்துங்க. ரெண்டு மாசம் கழிச்சு மூணு ஏற்காட்டையும் போன்ல ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க, நோட்டேஷன் வேணாம், சத்தம் மட்டும்.